ஓட்டாங்காட்டில் ஒரு கையெழுத்து

பொக்லைன் இயந்திரம் மண்ணைத் தோண்டும்போது எழுகிற சத்தங்களை வைத்தே கீழே என்ன இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாறை என்றால் பல்லைக் கூச வைக்கிற ஒரு கீறல். மரவேர் என்றால் ஒரு முனகல். அன்று காலை ஓட்டாங்காட்டில் நான் கேட்டது இரண்டும் இல்லை. உள்ளே காற்று அடைந்திருக்கிற ஏதோ ஒன்று, கட்டாந்தரையில் விழுந்த காலிக் குடம்போல, ஒரு தடவை அதிர்ந்து உடைந்தது. நான் அளவு நாடாவின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்துவதற்குள் "நிப்பாட்டுங்க, ஏ நிப்பாட்டுங்கன்னு சொல்லுதேன்ல" என்று ஒரு பெண்குரல் கேட்டது. பார்த்தால், முள் வெட்டிக்கொண்டிருந்த நூறு நாள் வேலைக்காரப் பெண்களை விட்டுவிட்டு மேட் அக்கா ஓடிவந்து, இரும்புக் கைக்கு நேர் கீழே, இடுப்பளவுக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார். இயந்திரத்தை ஓட்டியவர் பதறிப்போய் அணைத்தார். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் நின்றதும் மேற்கு மலையிலிருந்து வருகிற காற்று மட்டும் கேட்டது.

குழியின் ஓரச் சுவரில் ஒரு பெரிய தாழி பாதி தெரிந்தது. வாய் அகன்று, வயிறு பெருத்து, ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்காரக்கூடிய அளவு. ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்திருந்தது. உள்ளே இறுகிப்போன மண்ணில் பழுப்பு நிறத்தில் எலும்புகள். அவற்றின் பக்கத்தில், உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கிண்ணம். மேட் அக்கா அதைத் தொடவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு முழங்காலிட்டு, குனிந்து பார்த்தார். பார்த்தபடியே, "மேடம், இங்க வாங்க. நெல்லு இருக்கு" என்றார். நான் இறங்கிப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கருகிய உமிபோலச் சில மணிகள் இருந்தன. "யாரோ சோத்துக்கு வச்சு அனுப்பியிருக்காவ" என்று அவர் சொன்னார், பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல.

அப்போது நான் ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் ஓவர்சியராக இருந்தேன். சொந்த ஊர் தெற்கே. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்கிற வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் சாலை, வாய்க்கால், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று ஊர் ஊராகப் போய் அளந்து எழுதிவிட்டு, இருட்டுவதற்குள் வந்து ஒருவேளைச் சோற்றைப் பொங்குவேன். மேட் அக்கா, வன்னியம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு சின்ன ஊர்க்காரர். நூறு நாள் வேலையில் ஆட்களை எண்ணி, வருகை பதிந்து, வேலையைப் பிரித்துக் கொடுக்கிற பொறுப்பாளருக்கு மேட் என்று பெயர். அதனால் ஊரே அவரை மேட் அக்கா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட எட்டோ பத்தோ வயது மூத்தவர். ராணுவத்தில் இருந்த கணவர் லீவில் வந்தபோது மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்துபோனார். பிள்ளை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர், எழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஊராட்சித் தலைவர் அவருக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அந்த அண்ணன் சொல்லித்தான் மேட் வேலையே அவருக்குக் கிடைத்தது.

அந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் நியாயமாகப் புரியாது. இருந்த ஒரு ஆழ்துளைக் கிணறு உப்பாகிப் போய்விட்டது. தெருக்கோடிக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரில் ஒரு வீட்டுக்கு நாலு குடம் தேறினால் அதிகம். மீதிக்குப் பெண்கள் தோட்டத்துக் கிணறுகளில் படியிறங்கி மொண்டு வந்தார்கள். பல ஆண்டுகள் மனுக் கொடுத்து, மேல்நிலைத் தொட்டி ஒன்று அனுமதியானது. ஊருக்கு மேற்கே மேடாக இருந்த புறம்போக்கை அதற்கு ஒதுக்கினார்கள். அந்த மேட்டுக்கு ஓட்டாங்காடு என்று பேர். உழுதாலும் வெட்டினாலும் ஓட்டாஞ்சில்லாக வந்துகொண்டே இருக்கும். எந்தக் காலத்திலோ அங்கே குயவர் சூளை இருந்திருக்கும் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வேலைக்கு முன் இடத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டவள் நான். ஒரு சில்லைக்கூடக் குனிந்து எடுத்துப் பார்க்கவில்லை. மண் இறுகலாக இருக்கிறதா, தொட்டியைத் தாங்குமா என்பதுதான் என் கவலை.

காண்டிராக்டர் அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். குழியை எட்டிப் பார்த்து, "இதெல்லாம் மொதுமக்கத் தாழி மேடம். எங்க பக்கம் வீட்டுக்கு வீடு கெடக்கும். அள்ளி ஓடையில தட்டிட்டுப் போயிட்டே இருப்போம்" என்றார். அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஒரு பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி அரைநாள் பேசினார்கள். பழைய பொருள் எது வெளிப்பட்டாலும் வேலையை நிறுத்தி வட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர் தொல்லியல் துறைக்குச் சொல்லுவார். நான் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று என் மேலதிகாரிக்குப் பேசினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பானை ஒடஞ்சதுக்கெல்லாம் போன் பண்ணுவியாம்மா? மார்ச்சுக்குள்ள முடிக்கலேன்னா பணம் திரும்பிப் போயிரும். பொறவு அந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு நீதான் தண்ணி சொமந்து ஊத்தணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் தினமும் மாலையில் கூட்டம் போட்டு, எந்த வேலை எத்தனை சதவீதம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் படத்தை அவருக்கு அனுப்பவில்லை. வேறு யாருக்கும் அனுப்பவில்லை.

திரும்பி வந்தபோது மேட் அக்கா இன்னும் குழிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். காண்டிராக்டர் மேலே நின்று "ஏலே, நீ வண்டிய எடுலே" என்று ஓட்டுநரை விரட்டினார். ஓட்டுநர் ராஜபாளையத்துக்காரர், நரைத்த மீசை, தெலுங்கு வீட்டில் பேசுகிறவர். அவர் கீழே நிற்கிற பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி, வண்டியின் அடியில் எதையோ தடவிவிட்டு, "ஹோஸ் வெடிச்சிருச்சு சார். மதுரையில இருந்துதான் வரணும். ரெண்டு நாளாகும்" என்றார். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தியிருக்கவில்லை. காண்டிராக்டருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் வண்டியை அவரால் ஓட்ட முடியாதே. திட்டிக்கொண்டே போய்விட்டார். ஓட்டுநர் மேட் அக்காவிடம் மெதுவாக, "ரெண்டு நாள்தான்க்கா. அதுக்கு மேல என் பொழப்பு போயிரும்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் தன்னால் முடிந்ததைத் தயங்காமல் செய்தவர் அவர்.

மத்தியானம் வேம்பு நிழலில் மேட் அக்கா என்னிடம் வந்தார். "இதுக்கு என்ன செய்யணும் மேடம்? உங்களுக்குத் தெரியும்ல" என்று கேட்டார். நான் பயிற்சி வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். "அப்போ எழுதுங்க" என்றார். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, வருகைப் பதிவேட்டை மடியில் வைத்து அதன்மேல் தாளைப் போட்டு, "சரி, நான் எழுதுதேன். எப்பிடி ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க" என்றார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இடத்தின் சர்வே எண்ணை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்களும் ஒன்னு போடுங்க மேடம். ரெண்டு பேரா இருந்தா கேப்பாவ."

"நான் கவர்மெண்டு வேலையில இருக்கேன்க்கா" என்றேன்.

"அதுக்குத்தான் கேக்கேன்" என்றார்.

நான் பேனாவை வாங்கவில்லை. தினமும் அந்த வருகைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டு வந்தவள்தான். அந்த ஒரு தாளில் மட்டும் போட என் கை எழவில்லை. பயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். இடமாறுதல், மெமோ, தண்ணீர் கிடைக்காத பெண்களின் ஏச்சு என்று அதற்குள் பல பயங்கள் இருந்தன. அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் சமாளிக்க வேண்டி, "உங்களுக்கு எதுக்குக்கா இது? உங்க ஊருக்குத்தான தண்ணி வருது" என்றேன். அவர் தாளை நாலாக மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கம்மாவ எங்க பொதச்சாவ தெரியுமா? இப்ப பஸ் நிக்குதுல்ல, நிழற்குடை, அந்த எடம். எனக்கு ஒம்போது வயசு. ரோடு அகலப்படுத்துனப்போ சுடுகாட்டத் தள்ளி வச்சாவ. யாரும் வந்து சொல்லல. ஒரு நாளு பள்ளிக்கூடம் விட்டு வாரேன், மண்ணு புரண்டு கெடக்கு. எது எங்கம்மா, எது மண்ணுன்னு எனக்குத் தெரியல." அவ்வளவுதான். எழுந்து போய், பிற்பகல் வேலையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மூன்று மணிப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். தாலுகா அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கியதை மறுநாள் ஒரு வரியில் என்னிடம் சொன்னார்.

இரண்டாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார். அன்று மாலையே வேலையை நிறுத்தச் சொல்லித் தாக்கீது வந்துவிட்டது. அடுத்த வாரம் மதுரையிலிருந்து தொல்லியல் அலுவலர் ஒருவர் வந்து மேட்டைச் சுற்றி நடந்தார். அங்கங்கே கொடியை நட்டார். ஒன்றல்ல, பதினைந்து இருபது தாழிகளாவது இருக்கும் என்றார். தொட்டிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். வேறு இடம் என்றால் மறுபடி மண் சோதனை, மறுபடி மதிப்பீடு, மறுபடி அனுமதி. மார்ச் போய்விட்டது. கோடையும் வந்துவிட்டது.

மனு எழுதியது யார் என்பது ஊருக்கு முதல்நாளே தெரிந்துவிட்டிருந்தது. என்னையும் சந்தேகப்பட்டார்கள். ஊராட்சித் தலைவர் அலுவலகத்துக்கே வந்து, "மேடம் ஏதும் எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதைவிட என்னைக் கூச வைத்த உண்மையை வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. அவர் நிம்மதியாகப் போனார். பழி முழுக்க ஒரே இடத்தில் போய் இறங்கியது.

அவர்கள் அவரை அடிக்கவில்லை, வையவும் இல்லை. பேசுவதை நிறுத்தினார்கள். நூறு நாள் வேலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து, ஒருவர் குழம்பை இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்த வட்டத்தில் நடுநாயகமாக இருந்தவர் மேட் அக்கா. நான் அளவெடுக்கப் போன ஒரு நாள், அவர் வட்டத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் எழுந்து எதிர்ப்பக்கம் போனாள். பிறகு அவளுக்குப் பக்கத்தவள். சத்தமில்லாமல் அந்த வட்டம் அப்படியே பத்தடி தள்ளிப் போய்ச் சேர்ந்தது. மேட் அக்கா இருந்த இடத்திலேயே சாப்பிட்டு முடித்தார். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடி கணக்கு எழுதுவதுபோல இருந்தேன். பத்தடி நடந்து போய் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு எந்த அரசு விதியும் தடையாக இல்லை. இரண்டு மாதத்தில் மேட் வேலையை அவரிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் கோடையில்தான், அவருடைய அடுத்த வீட்டு மதினி தோட்டத்துக் கிணற்றுப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கேள்விப்பட்டு நான் போனேன். வீட்டு வாசலில் கூட்டம். மேட் அக்கா ஒரு பையில் பழம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மதினியின் மகள் கதவை மறித்துக்கொண்டாள். "செத்தவுகளுக்குக் குடம் வேணும்னு கேட்டு வாங்கிக் குடுத்தியே, எங்கம்மாவுக்கு ஒரு குடம் தண்ணி வாங்கிக் குடுத்தியா?" என்று கேட்டாள். மேட் அக்கா பழப் பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். என்னைக் கடந்துதான் போனார். நின்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். நான் அவரை நிறுத்தவில்லை.

மழைக்காலத்துக்கு முன் அகழாய்வு நடந்தது. கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை எடுத்தார்கள். அதற்கு உள்ளூர்ப் பெண்கள் பத்துப்பேருக்கு வேலை கிடைத்தது. பட்டியலைக் கொடுத்தது ஊராட்சி என்பதால் மேட் அக்காவின் பெயர் அதில் இல்லை. தாழியை அள்ளி ஓடையில் போட்டிருந்தால் போதும் என்று சொன்னவர்களே இப்போது குனிந்து, எலும்பின்மேல் ஒட்டிய மண்ணை ஊதி ஊதித் துடைத்தார்கள். நல்ல கவனமாகவே செய்தார்கள். புதிய இடத்தை அளக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் பார்ப்பேன். ஒருநாள் கயிற்றுக்கு வெளியே, கருவேல மரத்தடியில், மேட் அக்கா நின்றிருந்தார். சின்னத் தாழி ஒன்றை அப்போதுதான் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது குழந்தையுடையது என்று சொன்னார்கள். அவர் கிட்டே வரவில்லை. எடுத்து, துணி சுற்றி, பெட்டியில் வைக்கிறவரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வேலை முடிகிற சமயம் தொல்லியல் அலுவலர், "இதை முதல்ல கண்டு நிறுத்துனது யாருங்க?" என்று கேட்டார். குறிப்பெழுதும் நோட்டு கையில் இருந்தது. நானும் தலைவரும் பக்கத்தில் நின்றோம். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். மனு கொடுத்தவர் என்று தாலுகாக் கோப்பில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஆனால் இரும்புக் கைக்குக் கீழே இறங்கி நின்றவர் அவர்தான் என்பது கோப்பில் இருக்காது. அதைப் பார்த்த அரசு ஊழியர் நான் ஒருத்திதான். "வேலை நடக்கும்போது தெரிஞ்சது சார்" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு ஊரில் வைத்த பலகையில் 'குடிநீர்த் தொட்டிப் பணியின்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டது' என்று இருந்தது. பலகைக்கு வாசகம் கேட்டபோது அந்தத் 'தற்செயலாக' என்ற சொல்லை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

அடுத்த ஆண்டு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தொட்டி எழும்பியது. தண்ணீர் வந்தது. ஓட்டாங்காட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். தங்கள் ஊர் எத்தனை பழைய ஊர் என்று தலைவர் மேடையில் பெருமையாகப் பேசினார். அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன், பொன்னாடை கூடப் போட்டார்கள். மேட் அக்காவைக் கண்களால் தேடினேன். தண்ணீர் வருவதற்கு முன்பே அவர் வீட்டைப் பூட்டிவிட்டு ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சொன்னவர் குரலில் வெறுப்பு எதுவும் இல்லை. அதற்குள் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

மறக்காமல் இருந்தது நான் மட்டும்தான் என்று சொன்னால் அது பெரிய பேச்சாகிவிடும். நானும் பல மாதங்கள் மறந்துதான் இருந்தேன். பதவி உயர்வு வந்தது, வேறு ஒன்றியம், பிறகு இன்னொன்று. வேலை செய்யுமிடத்தில் எல்லோரும் என்னை நல்ல மேடம் என்பார்கள். யாரோடும் எனக்குச் சண்டை இல்லை. அதை ஒரு குணமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தந்த ஊர் வாடகை அறையில் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பத்தடி தள்ளிப்போன அந்த வட்டமும், இந்தப் பக்கம் தனியே தலைகுனியாமல் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவரும் திடீரென்று கண்ணில் வந்து நிற்பார்கள். நானும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அவருடைய தனிமை அவர் செய்த ஒரு காரியத்தால் வந்தது. என்னுடையது செய்யாததால் வந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றில்லை.

சென்ற ஆண்டு ராஜபாளையம் பக்கமே மாறுதல் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு போனேன். மில்லுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். சந்தெங்கும் தெலுங்குப் பேச்சு. அவர் வாசலில் வெயிலில் உட்கார்ந்து தலை காய வைத்துக்கொண்டிருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு எழுந்து, "வாங்க மேடம்" என்று உள்ளே கூட்டிப்போனார். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கணவரின் சீருடைப் படம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊருல தண்ணி ஒழுங்கா வருதா?"

"வருதுக்கா. தினமும் காலையில வருது."

"அந்த மதினிக்கு இடுப்பு சரியாயிருச்சா?"

"கம்பு ஊனி நடக்காவ. வீட்டுக்குள்ளயே குழாய் வந்திருச்சு."

"நல்லது" என்றார். அவர் முகம் தெளிந்தது. தாழியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், எல்லாம் பத்திரமாக இருக்கிறது, கிண்ணத்தில் இருந்தது நெல்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்று. "அது நமக்கே தெரிஞ்சதுதான" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் வந்த காரியத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. "அன்னைக்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கணும்க்கா. பெறகு அந்த ஆபீசர் கேட்டப்போ உங்க பேரச் சொல்லியிருக்கணும். ரெண்டையும் செய்யல" என்றேன்.

எத்தனையோ தடவை மனதுக்குள் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவர் "விடுங்க மேடம், அதெல்லாம் எப்பவோ நடந்தது" என்பார். நிஜத்தில் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்து, "ஆமா மேடம், போட்டிருக்கணும்" என்றார். "நீங்க போட்டிருந்தா நான் ஊருலயே இருந்திருப்பேன்னு சொல்லல. ஆனா ரெண்டு பேரா இருந்திருப்போம்" என்றார். பிறகு எழுந்து சோறு போட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது என் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். வாசல்வரை வந்து, "இனிமே எங்கயாச்சும் இப்பிடி ஒன்னு கண்ணுல பட்டா கையெழுத்தப் போடுங்க" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தொல்லியல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்ன நாள் காலையில் நடந்தது இது, தாழியைக் காப்பாற்றியவர் இவர், நான் நேரில் பார்த்தேன், அன்று சொல்லத் தவறினேன் என்று, அன்று எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்திருக்கிறது. பலகை இன்னும் மாறவில்லை.

சென்ற மாதம், அய்யனார் கோவில் போகிற சாலைக்கு வடக்கே ஒரு கண்மாயில் மடையை இடித்துப் புதிதாகக் கட்டுகிற வேலை என் பொறுப்பில் நடந்தது. பழைய மடைத்தூண் ஒன்றைச் சுத்தியலால் உடைக்க ஆயத்தமானபோது பாசியைச் சுரண்டிப் பார்த்தேன். வரிவரியாக எழுத்து. நம்மால் படிக்க முடியாத, வளைந்து வளைந்து போகிற பழைய எழுத்து. தண்ணீர் திறக்க இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. கரை நெடுக விவசாயிகள் நின்றுகொண்டிருந்தார்கள். "ஒரு கல்லுக்காக நாத்தக் காய விடுவீங்களா மேடம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தண்ணீர் திறப்பதற்குள் தூணை மட்டும் பெயர்த்து எடுத்து வைக்க வழி கேட்கிறேன், அதுவரை யாரும் அதில் கை வைக்கக்கூடாது என்றேன். அங்கேயே ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து வட்டாட்சியருக்கு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்தபோது என்னைச் சுற்றி யாரும் இல்லை. விவசாயிகள் கலைந்திருந்தார்கள், வேலையாட்களும் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காண்டிராக்டர் யாருக்கோ போன் செய்துகொண்டு தூரத்தில் நடந்துகொண்டிருந்தார். என் மேலதிகாரியிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள்.

நான் மேட் அக்காவை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் யாரோ தெலுங்கில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போட்டுட்டேன்க்கா" என்றேன். என்ன, எங்கே என்று எதுவும் சொல்லவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

"தனியாவா?"

"ஆமா."

அவர் அந்த இரைச்சலை விட்டு வெளியே நடந்து வருவது கேட்டது. பிறகு, "செத்த நேரம் அங்கேயே இருங்க மேடம். எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. எந்தக் கண்மாய்னு சொல்லுங்க, வாரேன்" என்றார்.